சந்தனத்திடம் கொடுத்தனுப்பும் அரிசியும் பருப்பும்

கொழிஞ்சாம்பாறை
12-3-1972

அன்புள்ள மயிலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, செவலை கன்று போட்டுவிட்டாள். அப்பாவைப் பற்றி ஒரு வரியில் எழுத முடியாது, கீழே எழுதுகிறேன். நீயும் நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் அதே வாக்கியத்தை எழுதுகிறாய், படிக்கப் படிக்க எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் உன் கம்பெனிச் சிப்பாய் சந்தனம் லீவு முடிந்து ஆனைக்கரையிலிருந்து பஸ் மாறி மாறி இங்கே வந்து இறங்கியபோது, வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே நீ எப்படி இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. நல்ல பையன். சோறு போட்டால் யாரோ பறித்துக்கொள்வதைப் போல வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, அதற்காக அவரே வருத்தப்பட்டார். அங்கே பனிமலைக் குளிரில் தட்டில் விழுந்த சோறு சற்று நேரத்தில் கல்லாகிவிடுமாம், அந்தப் பழக்கமாம். சண்டை நடந்த நாட்களில் பகலில் அடுப்பே மூட்ட முடியாமல், புகை தெரிந்தால் குண்டு விழும் என்று, சட்டைப் பையில் அள்ளிப் போட்ட சக்கர்பாரா என்ற இனிப்புத் துண்டுகளையும் ராத்திரியில் பனியை உருக்கிப் போட்ட ஆறிப்போன டீயையும் வைத்துக்கொண்டுதான் இருந்தீர்களாம். இதையெல்லாம் நீ ஏன் எழுதவில்லை என்று கேட்கப் போவதில்லை, நானும் உனக்கு எல்லாவற்றையும் எழுதவில்லை. பதுங்குகுழியில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு முறை என்று அவரவர் வீட்டுச் சமையலை அடுப்பு மூட்டுவதிலிருந்து இறக்குவது வரை சொல்லுவீர்களாமே. சந்தனம் கருவாட்டுக் குழம்பு வைத்தாராம், ஒரு நாயர் கப்பையும் மீனும் வைத்தாராம், நீ நம் வீட்டு அரிசிம்பருப்பு வைத்தாயாம். "சாரு சொல்லச் சொல்ல எங்களுக்குப் பசி கூடிப்போச்சும்மா, போதும் நிப்பாட்டுங்க சார்னு ஹவில்தாரே கெஞ்சுனாக" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மயிலு, நீ அதில் புளி கரைத்து ஊற்றினாயாம். அரிசிம்பருப்பில் புளி கிடையாது. நீ வீட்டைவிட்டுப் போய் இவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி அப்பா. டிசம்பரில் ரேடியோவில் சண்டைச் செய்தி வந்த அன்று அவர் யாரிடமும் சொல்லாமல் அம்மன் கோயிலுக்குப் போய், நீ நல்லபடியாக வந்து நம் வீட்டுச் சோறு சாப்பிடும்வரை உப்பைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். உனக்கு எழுதக்கூடாது என்று எனக்கும் கட்டளை. நான் வாதாடிப் பார்த்தேன், உப்பு என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டிப் பிழைப்பவள் நான், ஒருவர் உப்பை விட்டதற்காக எங்கேயோ ஒரு குண்டு விலகிப் போகாது என்றேன். அவர் உப்பில்லாத களியை உப்பில்லாத கீரையில் தொட்டு விழுங்கிக்கொண்டே இருந்தார். சண்டை நின்றதும் நீ லீவில் வந்துவிடுவாய், இது முடிந்துவிடும் என்று இருந்தேன். நீயோ உன்னோடு இருக்கும் ஒருவருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று உன் லீவு முறையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மழைக்காலம் கழித்துத்தான் வருவேன் என்று எழுதினாய். நீ செய்தது சரிதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் போன வாரம் வெயிலில் கடலைக்காட்டுக்குப் போனவர் வரப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு வேர்வையில் போகிற உப்பை உடம்புக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கோடை தாங்காது என்று திட்டினார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே களியைச் சாப்பிட்டார். பயப்படாதே, இப்போது எழுந்து நடமாடுகிறார். ஆனால் பங்குனியும் சித்திரையும் இனிமேல்தான் வருகின்றன.

இதைக் கேள்விப்பட்டு அகளியிலிருந்து உன் சென்னிமலை மாமா வந்தான். என் சித்தப்பா மகனான அவன் பர்மாச் சண்டைக்குப் போய் வந்தவன் என்பதும், அவன் சொல்வதில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன் என்பதும் உனக்குத் தெரியும். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, "ஏனுங் மச்சான், பர்மாவுல உப்பில்லாம ஆம்பளைங்க வெட்டுன வாழையாட்டம் உழுந்தாங்க, நீங்க ஊட்டுல இருந்துக்கிட்டே உழுகறீங்களாக்கும்" என்று ஆரம்பித்தான். ஆகாயத்திலிருந்து போட்ட மூட்டைகள் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் விழுந்துவிட, இவர்கள் மூங்கில் குருத்தை வேகவைத்துத் தின்றார்களாம், ஒரு சிட்டிகை உப்புக்குக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தவன் இருந்தானாம். இதுவரை நான் நம்பினேன். அதற்குமேல் சொன்னதுதான் விஷயம். அவனுக்காக அவன் அம்மாவும் இதேபோல உப்பை விட்டிருந்தாளாம், பூசாரி அம்மன் முன்னால் கொட்டிவைத்த அரிசியைக் கட்டிக் கொடுத்து, பையன் எங்கே இருந்தாலும் இதைப் பொங்கித் தின்றால் நேர்த்தி தீர்ந்தது என்றாராம், அது கை மாறிக் கை மாறி வண்டு விழுந்து அவனிடம் போய்ச் சேர்ந்து, வண்டோடு பொங்கித் தின்றானாம். அப்பா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "கமலா, இவன் சொல்ற மாதிரியே அனுப்பிச்சுரலாம். பையன் சாப்புட்டன்னு எழுதட்டும், அன்னைக்கே உப்புப் போட்டு வட்டல்ல சோறு வெய்யி" என்றார்.

மயிலு, அந்தக் கதை பொய். அந்த வருஷங்களில் மதராசில் படித்துக்கொண்டிருந்த நான் ஒவ்வொரு விடுமுறைக்கும் போய் இருந்தது அவன் அம்மா நாச்சம்மாள் சித்தி வீட்டில்தான். மகனை நினைத்து அழுவாள், ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால் சட்டியையே தள்ளிவைப்பாள். எந்த நேர்த்தியும் அவள் வைக்கவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோது அவனைக் கேட்டேன். "படிச்சவங்க நீங்க, கேக்காதீங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டான். நானும் பிறகு கேட்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. காரணமில்லாத ஒன்றை இன்னொரு காரணமில்லாத ஒன்றால்தான் அவிழ்க்க முடியும் போலிருக்கிறது. நம் பூசாரியும் தட்டாமல் அரிசியை அம்மன் முன்னால் வைத்துக் கொடுத்தார்.

அதைப் பொட்டலமாகக் கட்டி, சந்தனத்திடம் கொடுத்திருக்கிறேன், இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. அங்கே பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய், அவ்வளவு உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூடு பருப்புக்குப் போதாது, அதனால் வறுத்து ஒன்றிரண்டாக உடைத்து வைத்திருக்கிறேன். முதல் நாளே ஊறப்போடு, தண்ணீர் உறைந்துவிடாமல் அடுப்புப் பக்கத்தில் வை. கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு போடு. பூண்டு காந்தலூரில் விளைந்தது, நல்ல காரம், ஒன்றுக்கு இரண்டாகப் போடாதே. மஞ்சளும் பொட்டலத்தில் உள்ள மல்லி மிளகுப் பொடியும் போட்டு வதக்கி, ஊறியதைக் கொட்டித் தண்ணீர் தாராளமாக விட்டு மூடி, மூடியின்மேல் கல் வை. குழைந்தால் நல்லது. இறக்கினதும் நெய், தகர டப்பாவில் இருக்கிறது. கல்லுப்பை அப்பாவே அம்மியில் பொடித்துத் துணியில் முடிந்தார், முடிந்த கையை உடனே கழுவிக்கொண்டார். ஹவில்தாருக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு, நீ மட்டும் தின்றால்தான் பலன் என்று யாரும் சொல்லவில்லை.

சென்னிமலை மாமா சொன்னது பொய்யாக இருக்கட்டும், நீ எழுதப்போவது பொய்யாக இருக்கக்கூடாது. உண்மையில் பொங்கி, உண்மையில் சாப்பிட்டுவிட்டு, அன்றே அப்பாவின் பெயருக்கு எழுது. வேகாமல் போனாலும் மென்று தின்றுவிட்டு, வேகவில்லை என்றே எழுது. நீ சமாளித்து எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும், எனக்கும் தெரியும். தபாலை அவர்தான் முதலில் பிரிப்பார், ஆகையால் நான் இப்படி எழுதினேன் என்று அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். கால் விரல்களை ஈரமாக வைத்துக்கொள்ளாதே.

ஆசீர்வாதங்களை அப்பா சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன், அம்மன் துணை என்றும் அவர்தான் எழுதச் சொன்னார், இந்த முறை அதை அடிக்காமல் விடுகிறேன். இன்னொன்று. அப்பாவின் நேர்த்தி தீர்ந்துவிட்டால் உன்னை வரச் சொல்ல இந்த வீட்டில் ஒரு காரணமும் மீதி இருக்காது. நான் காரணமில்லாமல் எதையும் கேட்டுப் பழகாதவள். இப்போது கேட்கிறேன். அடுத்த லீவு முறை வரும்போது யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. வந்துவிட்டுப் போ.

உன் அம்மா,
கா. கமலாத்தாள்