வேப்பமரத்தை மட்டும் விட்டுடு

அக்கா,

"ஏன் வாத்தியாரே, உங்க வூட்டு மாமரத்தடி பூரா சிமெண்டு. தவிட்டுக்குருவி என்னத்தைங்க கிளறித் திங்கும்?" என்று ஒருமுறை மதில்மேல் கை ஊன்றிக் கேட்டீர்கள். இன்று காலை, உங்கள் மகன் போட்ட பேவர் பிளாக் தரையில் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. அந்த வாசனையில் உங்கள் கேள்வி திரும்பி வந்தது.

அன்று நான் சிரித்தேன். "மரத்துல பூச்சி இல்லாமலா போயிடும்?" என்றேன். "பாடம் நடத்துறதோட சரி, தரையைப் பாக்கறதில்ல" என்றீர்கள்.

உங்கள் தோட்டம் பாதிக் காடு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடித்து வந்தால் துடைப்பத்தைத் தொட மாட்டீர்கள். "நாளெல்லாம் வார்டைச் சுத்தமா வெச்சாச்சு. வூடாவது குப்பையா கெடக்கட்டும்." கிளுவை வேலி, அதன்மேல் கோவைக்கொடி, கால் புதையும் சருகு. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மதிலுக்கு இருபுறமும் நின்று பார்ப்போம். ஏழு தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டே சருகைப் புரட்டும். வேலிக்குள் செம்போத்து நடக்கும். தாழ்ந்த செடியில் தையல்சிட்டு இலையைத் தைத்திருக்கும். என் பக்கம் காக்கையும் மைனாவும்தான்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகன் வந்து கேட்டான். "சார், கொழந்த வெளயாடுது. பாம்பு பயமா இருக்குங்க. எல்லாத்தையும் எடுத்துடட்டுமா?"

பெரிய நியாயம் சொல்பவனைப் போல, "வேப்பமரத்தை மட்டும் விட்டுடு கண்ணு" என்றேன். மரம் நின்றால் பறவை நிற்கும் என்று நினைத்தேன். நான் சொன்னபடியே அவன் மரத்தை மட்டும் விட்டு, வேலி, கொடி, சருகு எல்லாவற்றையும் எடுத்தான்.

கல் பதித்து முடித்த மறுநாள் அந்த ஏழும் வந்தன. கல்லைக் கொத்தின. கத்தின. மதிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயின. இப்போது வேப்பமரத்தில் காக்கையும் மைனாவும்.

பிறகு என் மாமரத்தடிச் சிமெண்டை உடைத்தேன். சாக்குச் சாக்காகச் சருகு கொண்டுவந்து கொட்டினேன். எட்டு மாதம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. அவை நீளப் பறக்காதவை, வேலிக்கு வேலி தாவி வருகிறவை. நம் தெருவில் இனி வேலி ஏது? எனக்கு நம்பிக்கை போய்விட்டது, அக்கா.

உங்கள் மகன்மேல் குறையில்லை. அவன் என் பேச்சைக் கேட்டான். "வேலியோரத்தையும் விட்டுடு" என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அதையும் விட்டிருப்பான். சொல்லாத அந்த ஒரு வரியோடுதான் தினமும் மதிலோரம் போய் நிற்கிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில் இன்னும் ஒரு வேலி மிச்சமிருந்தால், உங்கள் மரத்தடியில் ஒரு மூலையை ஒரு மாதம் பெருக்காமல் விட்டு, காலையில் யார் வந்து கிளறுகிறார்கள் என்று பாருங்கள்.