நான் கேட்காமல் விட்ட மாப்பு

மச்சான்,

இன்று ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து படலையைத் திறந்தபோது அந்த வாசம் அடித்தது. களப்புப் பக்கமிருந்து உப்பும் மீனும் மணக்கிற நேரம் அது; பூ வாசம் வர நியாயமே இல்லை. ஆனால் அது நம்முடைய காட்டு ஓர்க்கிட்டின் வாசம்தான். வண்ணாத்திவில்லுக் காட்டோரத்தில் நாம் இருவரும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு தேடித் திரிந்த வாசத்தை நான் மறப்பேனா?

என் மனம் முதலில் எங்கே போனது தெரியுமா? உங்கள் வீட்டுக்கு. இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்தது கடைசியில் பூத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நீங்கள் மவுத்தாகி மூன்று வருடமாகிறது. என் சந்தேகம் மட்டும் உயிரோடுதான் இருந்தது. குசினிக் கதிரையைத் தூக்கி வந்து நம் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள மதிலோரம் போட்டு ஏறினேன்.

அந்தச் செடி நமக்குக் கிடைத்த நாள் நினைவிருக்கிறது. முதல் நாள் காற்றில் ஒரு பாலை மரத்தின் பெரிய கொப்பு முறிந்து யாரோ ஒருவரின் தோட்டத்தில் விழுந்து கிடந்தது. அதில் ஒட்டியபடி ஓர்க்கிட், பழுப்பும் மஞ்சளுமாய், நடுவில் நீலம் வைத்து, இரண்டு கொத்துப் பூ. நான் கத்தியை எடுத்துவிட்டேன். நீங்கள் கையைப் பிடித்தீர்கள்.

"பொறுங்க மச்சான். காணிக்காரரிட்ட ஒரு சொல்லு கேப்பம்."

"விறகுக்குப் போற கொப்புக்கா?"

"விறகும் அவருடையதுதானே."

கேட்பதற்காக அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தீர்கள். காணிக்காரர் சிரித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். செடியை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி உங்களுக்கு, ஒரு பாதி எனக்கு.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. கேட்டு வாங்கிய கொப்பு பிடிக்காது, கேட்காமல் முறித்ததுதான் தளிர்க்கும் என்று நம் பெண்கள் சொல்வதை எனக்கு வசதியாக நம்பியவன். உங்கள் அடுக்குச் செவ்வரத்தை என் வளவுக்கு வந்தது அப்படித்தான். மஞ்சள் போகன்வில்லாவும் அப்படித்தான். நீங்கள் ஜும்ஆவுக்கு முன்னால் போய்விடுவீர்கள், நான் கொஞ்சம் பிந்தி வருவேன். ஏன் பிந்தினேன் என்று இப்போது சொல்கிறேன்: அந்த நேரத்தில்தான் உங்கள் வளவில் கொப்பு முறித்தேன்.

நம் கரைத்தீவு உப்புக் காற்றில் உங்கள் பாதி ஒரு மாதத்தில் கருகிப்போனது. என்னுடையது புது வேர் விட்டது. நீங்கள் தினமும் அஸருக்குப் பிறகு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவீர்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. ஒரு நாள் வேப்பங்கொப்பில் செடியைச் சேர்த்து நான் கட்டியிருந்த தேங்காய்த் தும்பைத் தொட்டுப் பார்த்து, "தும்பால கட்டாதீங்க மச்சான், காகம் கூடு கட்ட இழுத்துக்கிட்டுப் போகும். சீலைத் துண்டால கட்டுங்க" என்றீர்கள். ஏன் சீலைத் துண்டு? முடிச்சை அவிழ்க்க லேசு என்பதாலா? அப்படித்தான் என் புத்தி போனது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தும்பு வைத்துச் சுற்றினேன்.

அடுத்த வாரம் செடியைக் காணவில்லை. கொப்பில் நாலு நார் மட்டும் தொங்கியது.

உங்களிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பீர்கள், கள்ளன் வேறென்ன சொல்வான் என்று இருந்தேன். படலையில் ஆட்டு மணி ஒன்றைக் கட்டினேன். "நல்ல வேலை மச்சான், இனி ஆடு வந்தா தெரியும்" என்று நீங்கள் சொன்னபோது உள்ளுக்குள் சிரித்தேன். உங்கள் மனைவி என் தங்கச்சிதானே. அவளிடம் வேறு கதை கதைப்பதுபோலப் பின்வளவில் புதிதாக என்ன வைத்திருக்கிறார் என்று விசாரித்தேன். உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோதுகூட, கை கழுவுகிற சாட்டில் கிணற்றடியை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பிறகு நீங்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டீர்கள். போகிற எல்லாரையும் போல வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டுக்கொண்டு என்னிடமும் வந்தீர்கள்.

"மச்சான், தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதும் பிழை விட்டிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க."

ஊரெல்லாம் சொல்லிவந்த அதே சொல். எனக்கு மட்டும் அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகக் கேட்டது.

"அந்த ஓர்க்கிட்டுத்தானே?" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்ற தங்கச்சியைப் பார்த்தீர்கள். கோபம் வரவில்லை. "ஓம் மச்சான்," என்றீர்கள். "அதுக்கும் சேத்துத்தான்."

"சரி, மாப்புச் செஞ்சிட்டன்" என்றேன், பெரிய நீதவான் மாதிரி.

அதற்குப் பிறகும் நீங்கள் உடனே எழும்பவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தீர்கள். எதற்காக என்று இப்போது விளங்குகிறது. வழியனுப்புகிறவனும் பதிலுக்கு மாப்புக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறப்போகிறது, குடியுங்கள் என்றேன். நீங்கள் மக்காவிலேயே மவுத்தாகி அங்கேயே அடங்கிவிட்டீர்கள். போய் நின்று ஸலாம் சொல்ல இங்கே ஒரு கபுறுகூட இல்லை.

இன்று காலை கதிரையில் நின்று உங்கள் வளவை எட்டிப் பார்த்தேனே, அங்கே ஓர்க்கிட் இல்லை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த தங்கச்சிதான் நிமிர்ந்தாள்.

"நானா, இந்த வயசுல மதில்ல ஏறி என்ன பாக்குறீங்க?"

"வாசம் எங்கேருந்து வருது?"

"உங்கட வேம்புலேருந்துதான். எங்கட பக்கம் நிண்டு பாத்தா தெரியும். நாலு நாளாப் பூத்திருக்கு."

போய்ப் பார்த்தேன். உச்சிக் கவட்டில் ஒரு பழைய காகக் கூடு. கூடு முழுக்க என் தும்பு. அதற்குள்ளிருந்து வேர் இறங்கி மரப்பட்டையைப் பிடித்திருந்தது. பழுப்பும் மஞ்சளும், நடுவில் நீலம்.

"அப்ப அவர் எடுக்கல்லயா?" என்றேன்.

"அவரா? நீங்க நினைக்கிறது அவருக்குத் தெரியும் நானா. பயணம் போகக்குள்ள சொன்னாரு, இல்லண்டு சொன்னா உங்கட நானா நம்ப மாட்டாரு, ஓமெண்டாத்தான் அவருக்கு நிம்மதிண்டு."

வெட்கமாகப் போய்விட்டது. செவ்வரத்தைக் கதையையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அதுவும் உங்களுக்குத் தெரியுமாம். பிறகு கேட்டேன், "அவர் எனக்கு மாப்புச் செஞ்சிருப்பாரா?"

"ஓம் நானா. செஞ்சிட்டுத்தான் போனாரு" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடியும் கூட்டத் தொடங்கினாள்.

அவள் ஏன் அவ்வளவு கெதியாகச் சொன்னாள், மச்சான்? என் நிம்மதிக்காக உங்கள் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே ஒரு பொய் ஓம் சொல்லியிருக்கிறார். அதைத்தான் இத்தனை காலம் மெய்யென்று வைத்திருந்தேன். இப்போது இன்னொரு ஓம் கையில் இருக்கிறது. இதை மெய்யா என்று கேட்க உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை.