நாற்பது கிலோ அதிகம்

பிப்ரவரி 3, சனி

பின் சீட்டின் சட்டகத்தை இன்று வண்டித் தரையில் பூட்டினேன். எட்டு போல்ட். பெல்ட்டோடு வரும், சோதித்துச் சான்று கொடுத்த சீட். பலகை அடித்து மெத்தை போட்ட ஏமாற்று வேலை இல்லை. டீன் வண்டிக்கு அடியில் படுத்து நட்டைப் பிடித்துக்கொண்டான். "இறுக்கு குட்டி, இன்னும் இறுக்கு. பிரெஞ்சுக்காரன் ரோட்டுல ஜன்னல் வழியா பறந்துடப் போற."

என் அண்ணன். அவனுக்கு முப்பத்தாறு, எனக்கு இருபத்தேழு. இன்னும் நான் குட்டிதான்.

ஒரு சலவைக் கம்பெனி கழித்துப்போட்ட வேன் இது, படுக்க, சமைக்க வசதி வைத்து மாற்றுகிறோம். பதினைந்து மாதமாக என் சனியும் ஞாயிறும் இதற்குள்தான் போகின்றன. கேஸ் லைன், தண்ணீர் லைன், அடுப்பு, அலமாரி, கட்டில் எல்லாம் என் கை. இன்ஜினும் டயரும் டீன். அவனோடு வாழும் ஃபிலிப்பா பள்ளி ஆசிரியை. திரைச்சீலை நிறம் அவள் பொறுப்பு. மே 4 அன்று ஹல் துறைமுகத்திலிருந்து ராட்டர்டாம் கப்பல். அப்புறம் பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல். தொண்ணூறு நாள். அதற்குமேல் ஒரு நாள் தங்கினாலும் துரத்திவிடுவார்கள் — ஐரோப்பிய யூனியனை விட்டு விலக நாமே ஓட்டுப் போட்டு வாங்கிக்கொண்ட வரம்.

பிப்ரவரி 8

பாஸ்போர்ட் வந்தது. என் முதல் பாஸ்போர்ட். போட்டோவில் கடையில் திருடி மாட்டியவள் மாதிரி இருக்கிறேன்.

பிப்ரவரி 20

தொழிற்சாலை லைனில் இன்று பதினொரு மோட்டார்ஹோமுக்கு, அதாவது சக்கரம் வைத்த வீட்டுக்கு, ஓவன் கதவு மாட்டினேன். ஆறு வருடமாக இதே வேலை. இங்கே செய்யும் வண்டி ஒன்றிலாவது எங்களில் யாராவது ஓர் இரவு தூங்கியிருக்கிறோமா? இல்லை. எல்லாம் தெற்கே பெரிய வீட்டை விற்றுவிட்டு வரும் ஓய்வுபெற்றவர்களுக்கு. ஷோரூமில் டிராயரை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் இறுக்கமா இருக்கே" என்பார்கள். இறுக்கமாக இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே கரண்டி உன் மண்டையில் விழும், ஐயா.

பக்கத்தில் ஜன்னல் பொருத்தும் மாண்டி நான் போவதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். "கண்ணு, ஸ்பெயின்ல நம்ம வண்டி எதையாவது பாத்தேன்னு வெய்யி, கை காட்டிட்டு வந்துரு. ஜன்னல் ஒழுகுதானு மட்டும் கேட்டுறாத."

மார்ச் 11

மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டேன். சூப்பர்வைசர் கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. "மூணு மாசமா? நீ என்ன பென்ஷன் வாங்குறவளா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் — அதுதான் இப்போது எரிகிறது.

மாலை டீன் வீட்டுக்குப் போய், வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றேன். அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"அவசரப்படாத குட்டி."

"எதுக்கு அவசரப்படாம இருக்கணும்? கப்பல் எனக்காக நிக்குமா?"

"அதில்ல... கொஞ்சம் யோசிச்சுக்கோன்னு சொல்றேன்."

நல்லவன். என்மேல் அக்கறை அவனுக்கு.

மார்ச் 15

வேலைக்கு நோட்டீஸ் கொடுத்தேன். வாடகை அறைக்கும் கொடுத்துவிட்டேன். தொண்ணூறு நாள் வண்டியில் இருக்கப்போகிறவளுக்கு அறை எதற்கு?

ஏப்ரல் 6, சனி

கிளம்புவதற்கான ஃபைல் என் பொறுப்பு. இன்சூரன்ஸ், ரோட்டில் நின்றுபோனால் இழுத்துப் போக ஒரு கம்பெனியின் அட்டை, கேஸ் சோதனைச் சான்று எல்லாம் உள்ளே. வேனை மோட்டார்ஹோமாகப் பதிவு மாற்ற ஜனவரியில் டீன் அனுப்பிய லாக் புக் என்ற பதிவுச் சான்று மட்டும் திரும்பி வரவில்லை. அசல் லாக் புக் இல்லாமல் வண்டியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. முகப்பு விளக்கில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர் வாங்கினேன். அங்கே ரோட்டின் வலது பக்கம் ஓட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

ஃபிலிப்பா இரண்டு மின்சார சைக்கிள் வாங்கியிருக்கிறாள். பின்னால் தொங்கவிட ஒரு தாங்கியும். தூக்கிப் பார்த்தேன். கன்றுக்குட்டி கனம்.

ஏப்ரல் 13, சனி

எடைமேடைக்குப் போனோம். பழைய இரும்புக் கடைக்காரருடையது. கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே போட வேண்டும் — தண்ணீர், டீசல் நிரப்பி, துணி, பாத்திரம், ஆட்கள் எல்லாம் உள்ளே. மூவாயிரத்து ஐந்நூறு கிலோதான் வரம்பு. அதற்குமேல் போனால் எங்கள் வயதுக்காரர்களின் லைசென்ஸ் செல்லாது, இன்சூரன்ஸும் செல்லாது. பிரெஞ்சுப் போலீஸ் ஓரங்கட்டினால் வண்டி அங்கேயே நிற்கும்.

கடைக்காரர் எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மூவாயிரத்து ஐந்நூத்தி நாப்பது. காலையில யாரு, தங்கங்களா, செமத்தியா சாப்பிட்டது?"

நாற்பது கிலோ அதிகம்.

நான் உடனே சொன்னேன்: "சைக்கிள் ரெண்டும் அம்பத்திநாலு கிலோ. எறக்கிடலாம். முடிஞ்சுது."

ஃபிலிப்பா: "சைக்கிள் இல்லாம போறதுல அர்த்தமே இல்ல கிர்ஸ்டி. ஊருக்குள்ள எப்படி சுத்துறது?"

"நடந்து?"

டீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் ஒரு குப்பை லாரிதான் நின்றது.

திரும்பும் வழியெல்லாம் ரேடியோ.

ஏப்ரல் 14

டீன் போன் செய்தான்.

"ஒரு யோசனை குட்டி. நீ ரயில்ல வந்துடேன். இல்ல ஃபிளைட்டு. அங்க வந்து சேந்துக்கலாம்."

"எங்க?"

"எங்கயாவது... தெற்குப் பக்கம். ஜூன் போல."

"நான் ஏப்ரல் முப்பதோட அறையைக் காலி பண்றேன்டா."

"தெரியும், தெரியும். எடை பிரச்சினைதானே. வேற ஒண்ணுமில்ல."

எடை பிரச்சினைதானே. என் எடை அறுபத்தெட்டு. இரண்டு சைக்கிளைவிடப் பதினான்கு கிலோ அதிகம். ஆகவே நான் இறங்க வேண்டும். கணக்கு சரிதான்.

இல்லை, சரியில்லை. ஆனால் எங்கே சரியில்லை என்று பிடிபடவில்லை.

ஏப்ரல் 17, புதன்

தண்ணீர் பம்ப் கசிகிறது என்றான் டீன், மாலை போனேன். வீட்டில் யாரும் இல்லை, என்னிடம் உள்ள சாவியால் உள்ளே போனேன். கதவடியில் வண்டிப் பதிவு அலுவலகத்தின் கவர் கிடந்தது. திறக்கவா என்று செய்தி அனுப்பிக் கேட்டேன். "லாக் புக்கா இருந்தா ஃபைல்ல வெச்சிடு" என்று பதில் அனுப்பினான்.

திறந்தேன். வண்டி வகை: மோட்டார்ஹோம். நிறம்: வெள்ளை.

ஓட்டுநரையும் சேர்த்து இருக்கைகள்: 2.

பம்பைச் சரிசெய்துவிட்டுத்தான் வந்தேன். ஏன் சரிசெய்தேன்?

டீனிடம் போனில் கேட்டேன். "அது... அனுப்புறப்ப ரெண்டு சீட்தான இருந்துச்சு. பின்னாடி மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்." சரிதான், பின் சீட்டை நான் பிப்ரவரியில்தான் பூட்டினேன். நம்பலாம். நம்ப வேண்டும்.

ஏப்ரல் 18

நம்பவில்லை. ஃபைலில் கப்பல் முன்பதிவு எண் இருக்கிறது. அதைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முன்பதிவு செய்த நாள் ஜனவரி 14. வண்டி ஒன்று. இரண்டு படுக்கை உள்ள கேபின் ஒன்று. பயணிகள் இருவர். பெயர்கள் இருந்தன. என் பெயர் இல்லை.

ஜனவரி 14. அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமை போனேன்? பன்னிரண்டு? பதின்மூன்று? மழையில் நின்று கூரையில் ஜன்னலுக்கு ஓட்டை வெட்டினேனே, அதுவும் அதற்குப் பிறகுதான். அந்த சீட்டை பூட்டுறப்ப கீழ படுத்து நட்டு புடிச்சியேடா. "இறுக்கு குட்டி"ன்னியே. எதுக்கு? யாருக்கு இறுக்கச் சொன்ன?

ஏப்ரல் 19

லாக் புக் என் பையில். நான் கொடுக்காவிட்டால் எவரும் எங்கும் போக முடியாது. நாள் முழுக்கப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 20, சனி

கொண்டுபோய்க் கொடுத்தேன். வைத்திருந்தால் அவனுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும் — பார், அவள் இப்படிப்பட்டவள். அந்தச் சௌகரியத்தை நான் ஏன் தர வேண்டும்?

அப்புறம் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன். டீன் வாசலில் வந்து நின்றான்.

"என்ன பண்ற?"

"அரசாங்கத் தாள்ல ரெண்டு சீட்டுன்னு போட்டிருக்கு. இது என்னன்னு போலீஸ்காரன் கேப்பான். கழட்டுறேன்."

"கிர்ஸ்டி, கேளு. ஃபிலிப்பாவுக்கு ரெண்டு பேர் மட்டும் போகணும்னு... நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"வண்டி முடிஞ்சதும்."

"ஏன் முடிஞ்சதும்?"

கடைசியில் உண்மையைச் சொன்னான், அதற்காவது பாராட்ட வேண்டும். "முன்னாடியே சொன்னா நீ பாதியில விட்டுட்டுப் போயிருப்ப."

"நான் வேலைய விட்டேன்டா. உன் சமையலறைல நின்னு சொன்னேன். உன் முதுகுகிட்ட சொன்னேன்."

"யோசிச்சுக்கோன்னு சொன்னேன்ல."

சொன்னான். ஆமாம். அதைச் சொன்னதாகவே இவ்வளவு நாளும் மனதில் வைத்திருக்கிறான். சொன்னவன் நல்லவன், கேட்காதவள் முட்டாள்.

ஃபிலிப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்: "டீ போடட்டுமா?" உண்மையாகத்தான் கேட்டாள். அவளுக்கு எல்லாப் பிரச்சினையும் டீ போட்டால் பேசித் தீர்க்கக்கூடியது. அவள் வளர்ந்த வீடு அப்படி.

எட்டு போல்ட்டையும் கழற்றினேன். கைக்குத் தெரிந்த வேலை, இருபது நிமிடம். சட்டகத்தோடு சீட் நாற்பத்தாறு கிலோ. டீன் தூக்க வந்தான். "தொடாத" என்றேன். மாண்டியின் கணவர் காரோடு வந்து சீட்டையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 21

அம்மாவை அழைத்தேன். அழுதுகொண்டே சொன்னேன். அம்மா அமைதியாகக் கேட்டாள்.

"ஜோடியா தனியாப் போகணும்னு ஆசைப்படுறது தப்பா, கிர்ஸ்டி?"

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"கிறிஸ்துமஸ்லயே சொன்னான். நீயா புரிஞ்சுப்பேன்னு நெனச்சோம்."

நெனச்சோம். அந்த 'சோம்'-இல் எத்தனை பேர்?

ஏப்ரல் 22

வேலையைத் திரும்பக் கேட்டேன். என் இடத்தில் ஏஜென்சி ஆள் நிற்கிறான். பத்தொன்பது வயது, ஓவன் கதவைத் தலைகீழாக மாட்டுகிறான். சூப்பர்வைசர்: "உனக்குத்தான் ஸ்பெயின் இருக்கே."

ஏப்ரல் 27

மறுபடி எடை போட்டார்களாம். மூவாயிரத்து நானூற்று இருபத்தாறு. நானும் என் சீட்டும் போனதும் எல்லாம் சட்டப்படி. ஃபிலிப்பா செய்தி அனுப்பினாள்: "பெரிய மனசு உனக்கு." கூடவே ஒரு இதயம்.

மே 4

இன்று மாலை கப்பல். போய்ப் பார்க்கவில்லை. நான் குடிவந்திருக்கும் மாண்டி வீட்டு மாடி அறையில் சுவர் சுரண்டினேன். "வாடகைய அப்புறம் பேசலாம், மொதல்ல அந்த ஊதாக் கலரை ஒழி" என்றாள். அவள் மகன் பத்து வருடம் முன்பு அடித்தது. மூன்று பூச்சு போட்டும் ஊதா தெரிகிறது.

மே 19

டீன் போன். ஃபிரிட்ஜ் கேஸில் எரியவில்லையாம். பின்னணியில் யாரோ ஸ்பானிஷில் கத்திக்கொண்டிருந்தார்கள். பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். எரிந்தது. "நீ இல்லன்னா என்ன பண்ணியிருப்போம் குட்டி" என்றான். மெய்யாகவே அப்படித்தான் சொன்னான். இணைப்பைத் துண்டித்தேன்.

ஜூன் 10, திங்கள்

புது இடத்தில் முதல் நாள். ஆம்புலன்ஸ் செய்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் தடத்தைத் தரையில் பூட்டும் வேலை. இந்த வண்டியில் டிராயரை இழுத்துப் பார்த்துக் குறை சொல்ல யாரும் வரமாட்டார்கள், படுத்துக்கொண்டுதான் வருவார்கள்.

காலையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். விபத்து நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும், பெயர், எண். பேனா தானாகவே டீனின் 'டீ'யை எழுதிவிட்டது. அடித்துவிட்டு மாண்டி என்று எழுதினேன். அடுத்த கட்டம்: உறவு.

இடைவேளையில் மாண்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"வீட்டுக்காரம்மானு போடாத, கெழவி மாதிரி இருக்கும். அத்தைனும் வேணாம். எதுக்கு, நீ எங்கயாவது கைய வெட்டிக்கிட்டியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சாப்பாட்டுக்கு வந்துரு. லேட்டானா மீன் எனக்குத்தான்."

உறவு என்ற கட்டத்தைக் காலியாகவே கொடுத்தேன். வாங்கிய பெண் பார்த்தாள், முத்திரை குத்திவிட்டாள்.