ஒரு பை யூரியா

8 ஜூலை 2024, திங்கள்
ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் ஞானசேகரன் சார் என்னை விட்டபாடில்லை. நெல் நோய் ஆராய்ச்சிக்கு என்னைக் கொண்டுவந்தவர் என்பதால் காலத்துக்கும் கேள்வி கேட்கலாம் என்று நினைப்பு. இன்று நாங்கள் உருவாக்கிய ஏழாம் எண் நெல்லின் முடிவுகளை அனுப்பினேன். குலை நோய்க் கிருமியைத் தெளித்தும் ஓர் இலையில்கூடப் புள்ளி இல்லை. பாராட்டுவார் என்று பார்த்தால், "யூரியா எவ்வளவு போட்ட?" என்று ஒரே வரி.
யூரியா கூடினால் குலை நோயும் கூடும் என்று எனக்குத் தெரியாதா? போட்டது சிபாரிசு அளவுதான். வேறென்ன போடுவார்கள்?

10 ஜூலை
போனில் பிடித்துக்கொண்டார். "அந்த அளவு யாரும்மா போடுறா? பயிர் பச்சையா நின்னா இன்னும் ரெண்டு கை வீசிட்டுத்தான் வருவாங்க. டபுள் போட்டுப் பாரு லா."
அடுத்த மாதம் கடல் தாண்டி நாகப்பட்டினம் பக்கம் சம்பா விதைப்பு. அங்கே விதைக் குழு நடத்தும் முத்தையா தினமும் கூப்பிடுகிறார். போன வருடம் குலை நோயால் பாதி விளைச்சல் பதராய்ப் போன ஊர்கள். ரேஷன் அரிசியில் ஓடுகிறது. அவர்களைக் காக்க வைத்து இவருக்காக இன்னொரு சோதனையா? முடியாது.

14 ஜூலை, ஞாயிறு
தேக்கா சந்தைக்கு வரச் சொன்னார். கோப்பி குடிக்கத்தான் என்று நம்பிப் போனேன். மீன் வாங்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். முருங்கைக்கீரைக்குக் கீழே யூரியா.
"லேப்ல யூரியா இல்லையா சார்?"
"இருக்கு. நீ எடுக்க மாட்ட."
எம்ஆர்டி ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கோபத்தில் இறங்க வேண்டிய சுவா சூ காங்கை விட்டு அடுத்த நிலையத்தில் இறங்கினேன்.

15 ஜூலை
ஏழுக்கு இரண்டு மடங்கு யூரியா போட்டுத் தொலைத்தேன். அவர் வாயை அடைக்கத்தான். இடம் இருந்ததால், மகசூல் குறைவென்று ஒதுக்கியிருந்த பதினோராம் எண்ணையும் சேர்த்துக்கொண்டேன்.

2 ஆகஸ்ட்
ஏழு போய்விட்டது. இலை முழுக்கக் கண் வடிவப் புள்ளிகள். ஐந்து வருட உழைப்பு. பதினொன்று ஒரு புள்ளி இல்லாமல் நிற்கிறது. யார் நினைத்தது? ஆனால் அதன் விதை ஒரு வயலுக்குக்கூடக் காணாது. பெருக்க ஒரு வருடம் வேண்டும்.
"அளவா போடச் சொல்லி நோட்டீஸ் குடுத்து ஏழாம் எண்ணையே அனுப்பலாமே" என்கிறார் இயக்குநர் ரோஷினி. நோட்டீஸைப் படித்துவிட்டா யூரியா வீசுவார்கள்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.
சாரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான். திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

3 ஆகஸ்ட்
முத்தையாவிடம் இந்த வருடம் விதை இல்லை என்றேன். "அப்ப நாங்க என்னத்த விதைக்கிறது மேடம்?"


20 ஜனவரி 2025
மறுபடி குலை நோய். முத்தையா அனுப்பிய வீடியோவில் ஓர் அம்மா கதிரை உருவிக் காட்டுகிறார். மணியே இல்லை. ஏழாம் எண்ணைக் கொடுத்திருந்தால் கொஞ்சமாவது தேறியிருக்குமோ?
சாரிடம் கத்திவிட்டேன். "உங்களாலதான் அவங்க இப்படி நிக்கிறாங்க. உங்களுக்கென்ன, தோ பாயோ வீட்ல உட்காந்துக்கிட்டு கேள்வி கேப்பீங்க."
அவர் போனை வைக்கவில்லை. "பதினொன்னு விதை எவ்வளவு சேந்துருக்கு?" என்றார்.
மனுஷனா இவர்?

6 ஜனவரி 2026
முத்தையாவிடமிருந்து படங்கள். பதினோராம் எண், கதிர் மணி கனத்துத் தலை சாய்ந்து நிற்கிறது. "நீங்க சொன்னதுக்கு டபுள் யூரியா போட்டுட்டாங்க மேடம். கோச்சுக்காதீங்க."
சாருக்கு அனுப்பினேன். உடனே வந்தது: "பனி?"
பனி இறங்கினால்தான் குலை நோய் பரவும், எனக்குத் தெரியாதா? ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடும் இவருக்கு. ஆனால் முத்தையாவிடம் நானும் முதலில் அதைத்தான் கேட்டிருந்தேன்.
"மூணு வாரமா கொட்டுது சார். அதுலதான் நிக்குது" என்று எழுதினேன்.
படித்துவிட்டார். சாயங்காலம் வரை வேறு கேள்வி வரவில்லை.