புல்லணையில் வரும் பு

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உனக்குச் சாப்பிடுவது வயிற்றில் நிற்கிறதா? நல்லாயிருக்கேன் என்று ஒற்றை வரி எழுதி என் வாயை அடைக்காதே.

என் இரண்டாம் வகுப்புச் சங்கதியைக் கேள். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற வானரக் கூட்டம். கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பழக்குகிற பழைய மேய்ப்பர் பாட்டையே வாசிப்புப் பாடமாக்கினேன். கரும்பலகையில் பெரிதாக எழுதி, பாடிக்கொண்டே சொல் சொல்லாகக் குச்சியால் தொடச் சொன்னேன். பாட்டு முடிந்துவிடும், குச்சி முதல் வரியிலேயே நிற்கும். எல்லாம் மனப்பாடம்! பிறகு புல்லணை, காற்று, நோக்கி, மேய்ப்பர் என்று பாட்டின் சொற்களை அட்டையில் எழுதி வெட்டிக் கலைத்துப் போட்டேன். திருதிருவென்று முழித்தார்கள். உன் மகள் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி.

ஜன்னலோரம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று அனுப்பினாயே, அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குகிறாள். உன் பின்னால் சுவரில் ஒரு பலகை. நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. நமக்கு அவள் இன்னும் எழுத்தறியாத பிள்ளைதான். நேற்றுச் சாப்பிடும்போது அந்தப் படத்தில் விரலை வைத்து, புல்லணையில் வரும் பு, காற்றில் வரும் ற்று, நோக்கியில் வரும் நோ, மேய்ப்பரில் வரும் ய் என்று எழுத்துக் கூட்டினாள். "பெரியம்மா, அம்மா வேலைக்குத்தானே போயிருக்காங்க? புற்றுநோய்னா என்ன வேலை?" என்று கேட்டாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்று வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் தாத்தா அதில்தான் போய்ச்சேர்ந்தார். அதன்பிறகு உன் மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாட்டுக்கு வாயும் திறக்கவில்லை.

மருத்துவர் நம்மிடம் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பெற்றவள் நீ, நீதான் சொல்ல வேண்டும். நாலே வரி எழுது, பெரிய எழுத்தாக, சொற்களை நன்றாகத் தள்ளித் தள்ளி. நான் பிரிக்க மாட்டேன், அவளே வாசித்துக்கொள்வாள். கை நடுங்குகிறது என்று நர்ஸைப் பிடித்து எழுத வைத்துவிடாதே, என் கண்ணே. அவளுக்கு உன் கையெழுத்து வேண்டும். பிற்பாடும் வேண்டியிருக்கும்.

கடவுள் உன்னைத் தாங்கட்டும்.

உன் அக்கா