வெட்டாமல் விட்ட மரங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றால் அதுவே எனக்குப் போதும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் உம் கொட்டுகிறேன், அதனால்தான். போன வாரம் உன் அண்ணியைப் பற்றி, வலிய வந்த சீதேவியை எட்டி உதைத்த பைத்தியம் என்று சிரித்தாயே, அது எனக்குத் தூக்கமே வரவிடவில்லை. உன் அண்ணன் பாதி சொல்லியிருப்பான், மீதியை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் ஏரியைத் தூர்வாருகிற வேலையைப் போன வருஷம் நகராட்சி உன் அண்ணியிடம்தானே கொடுத்தது, என்ஜினியர் ஆயிற்றே. பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை எல்லாவற்றையும் எடுத்தவள், தண்ணீருக்குள் நின்ற பட்ட மரங்களையும் சேர்த்து வெட்டிக் கரையேற்றினாள். ஏரி கண்ணாடி மாதிரி ஆனது, நீகூட அந்தப் படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாய். மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. இவளுக்குப் பதவி உயர்வு, அடுத்து ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஏரியையும் இதே மாதிரி சுத்தம் பண்ண வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் கூடு கட்டும் காலம் வந்தும் நம் ஏரிக்கு ஒரு பறவைகூட வரவில்லை. எச்ச நாற்றம் ஒழிந்தது என்று நானே சந்தோஷப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள். இவள் மட்டும் விடிந்ததும் கரையில் போய் நின்றுவிட்டு முகம் வாடித் திரும்புவாள். பிறகு பறவைகளை ஆராய்கிற ஒரு பெண்ணை அழைத்து வந்து காட்டினாள். சுற்றித் தண்ணீர் இருந்தால் பூனையும் கீரியும் நெருங்காது என்றுதான் அந்தப் பட்ட மரத்தில் கூடு கட்டுமாம். நாம் குப்பை என்று நினைத்தது அதுகளுக்கு வீடு.

அதற்குள் பாராட்டுக் கூட்டம் வைத்துவிட்டார்கள். முன்வரிசையில் நானும் உன் அண்ணனும். மைக்கைப் பிடித்தவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் கைதட்டத் தயாராக இருக்க, பறவைகள் போனதற்குத் தான்தான் காரணம், பெரிய ஏரியில் ஒரு பட்ட மரத்தையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மேலதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது, இவளைக் குழாய்ப் புகார் கேட்கிற மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தெருவில் இப்போது இவளுக்குப் பட்டமரம் என்றே பெயர். உன் அண்ணன் குதித்த குதியில் வீடு இரண்டுபட்டது. யாராவது கேட்டாங்களா, நீயா ஏன் சொன்னே என்றான். அவள் குரலை உயர்த்தவில்லை, "யாரும் கேக்கலேன்னுதான் சொன்னேன்" என்றாள். நான் பெற்றது இரண்டு, ஆனாலும் அந்த நிமிஷம் இவளைப் பெற்றிருக்கக் கூடாதா என்று தோன்றியது, உனக்குக் கோபம் வந்தாலும் வரட்டும்.

நம் ஏரிக்குப் பறவைகள் திரும்புமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெரிய ஏரியில் மட்டும் கூட்டத்துக்குப் பிறகு வெட்டும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே அழைத்துப் போனாள். அடேயப்பா, ஒவ்வொரு பட்ட மரத்திலும் அடுக்கடுக்காகக் கூடு, குஞ்சுகள் போட்ட கூச்சலில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. என் புதுப் புடவையில் ஒன்று எச்சமிட்டது. துடைக்க வந்தவள் கைக்குட்டையைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். "இதையும் நான்தான் அத்தை வெட்டியிருப்பேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அண்ணிக்குப் போன் பண்ணு, ஆறுதல் சொல்ல வேண்டாம், அது அவளுக்குத் தேவையில்லை. பைத்தியம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேள், போதும்.

உன் அம்மா