டியூப்பில் பட்ட பாத்தித் தண்ணீர்

மே 12, திங்கள்

கொளுத்தும் வெயில். உப்பு விளைகிறது, நான் வேகிறேன். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற இடது மேல்கையில் ஒரு டியூப். உள்ளே இதயம் பக்கம்வரை போகிறதாம். வெளியே இரண்டு முனை. பிறவியிலேயே வாலு, இப்போது ரெட்டை வாலு, டாக்டர் கையெழுத்தோடு.

சிஸ்டர் சட்டம்: சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பிளாஸ்திரி பிரிந்தால் உடனே வா. அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதே. குளிர்க்காய்ச்சல் என்றால் ஓடி வா.

மே 14, புதன்

வியர்வையில் பிளாஸ்திரி ஓரம் பிரிந்துவிட்டது. அப்பா வேலை பார்க்கும் உப்பளத்திலிருந்து, உப்பு விளையும் பாத்தித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தார். அங்கே யாருக்குக் கால் கிழிந்தாலும் அதுதான் மருந்து.

"உப்புல எதுனா அழுகுமாடி? கையக் காட்டு."

"ஊறுகா போடப் போறியாப்பா?"

சிரித்தார். ஆறு மாதத்தில் முதல் தடவை. பிளாஸ்திரியை உரித்து, துணியை நனைத்து, பூவைத் துடைக்கிற மாதிரி துடைத்தார். தப்பென்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்காகச் செய்ய அவருக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. கையை நீட்டியபடியே இருந்தேன். பழைய பிளாஸ்திரியையே அமுக்கி ஒட்டினோம்.

மே 16, வெள்ளி

டியூப்பைச் சுற்றிலும் சிவப்பு. தொட்டால் வலி. யாரிடமும் சொல்லவில்லை.

மே 17, சனி

ஆஸ்பத்திரி. வாராவாரம் டியூப்புக்குள் மருந்துநீர் தள்ளிச் சுத்தம் செய்வார்கள். தள்ளிய கொஞ்ச நேரத்தில் குளிர் உதறி, பல் கிட்டியது, கட்டிலே ஆடியது.

"ஏய், நடிக்காத!" என்றார் சிஸ்டர். போன வாரம் செத்த மாதிரி நடித்தவள் நான். நெற்றியைத் தொட்டதும் ஓடினார்.

டாக்டர்: "தண்ணி பட்டுச்சா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் முந்தினேன். "குளிக்கும்போது நனைச்சிட்டேங்க."

"சொன்னா கேக்குறியாடி நீ?" அப்பா திட்டினார். என்னையே! உப்புத் தண்ணீர் அவருக்கு மருந்து, அதனால் குளித்த கதையை நம்பிவிட்டார்.

மே 18, ஞாயிறு

காய்ச்சல் 103. இறங்கவேயில்லை. கீமோ நிறுத்தம். டியூப்பை உருவப் போகிறார்கள்.

டாக்டர் மறுபடி கேட்டார்: "எந்தத் தண்ணி? சரியா சொன்னாத்தாம்மா சரியான மருந்து குடுக்க முடியும்."

எனக்குச் சாக இஷ்டமில்லை. அப்பா டீ குடிக்கப் போவார் என்று காத்திருந்தேன். அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. அவர் எதிரிலேயே சொன்னேன்.

"பாத்தித் தண்ணிங்க. நான்தான் கேட்டேன்."

பாதி நிஜம், பாதி பொய். டாக்டர் நம்பினார். அப்பா எப்படி நம்புவார்?

அரைமணியாக வாஷ்பேசினில் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். உப்பில் வெடித்த கை, சோப்புப் பட்டால் எரியும். கூப்பிட்டேன். திரும்பவில்லை.